பாட்டரசி ஹென்ரியெட்டா சோன்டாக்

1824-ஆம் ஆண்டு மே திங்கள் 7-ஆம் நாள் மாலை, வியன்னா மாநகரின் கேர்ட்னர்டோர் அரங்கில் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி முதன்முதலாக அரங்கேறியது. செவிப்புலனை முற்றும் இழந்துவிட்ட அந்த மேதை, அவையோருக்கு முதுகைக் காட்டியபடி, இசை ஏட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அரங்கம் அதிரக் கைதட்டியும் அவருக்குத் தெரியவில்லை. பாடகி ஒருத்தி அவரை மெல்லத் திருப்பிவிட்டாள். காதால் கேட்க முடியாத ஆரவாரத்தை அவர் கண்ணால் கண்டார். இச்செய்தியை நம்மில் பலர் எங்கேனும் படித்திருப்போம்.

திருப்பிவிட்டவர் கரோலின் உங்கர் என்பர். அவருக்குப் பக்கத்தில் மற்றொரு பெண் நின்றாள். வயது பதினெட்டு. அன்று உச்சக்குரல் பகுதியைப் பாடியவள் அவள்தான். வரலாற்று நூல்கள் அவள் பெயரை ஒரு வரியில் எழுதிவிட்டு அப்பால் போய்விடுகின்றன. அவளுக்குப் பின்னால் வந்த முப்பது ஆண்டுகளில் ஐரோப்பா முழுவதையும் மயக்கியதும், புகழின் உச்சியில் வாயை மூடிக்கொண்டதும், பத்தொன்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் வாய் திறந்ததும் அந்த ஒரு வரிக்குள் அடங்கவில்லை. அந்தப் பெண்ணின் பெயர் ஹென்ரியெட்டா சோன்டாக்.

ஜெர்மன் மொழியில் ஞாயிற்றுக்கிழமையைச் 'சோன்டாக்' என்பார்கள். தமிழில் ஞாயிறு என்றாலே கதிரவன்தானே! குடும்பப் பெயர் இவ்வளவு பொருத்தமாக வாய்ப்பது அரிது.

ரைன் ஆற்றங்கரையிலுள்ள கோப்லென்ஸ் நகரில் 1806-ஆம் ஆண்டு சனவரி 3-ஆம் நாள் சோன்டாக் பிறந்தாள். தந்தை நாடக நடிகர். தாயும் மேடையில் நடித்துப் பாடியவர். ஊர் ஊராகச் சுற்றும் நாடகக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தொட்டில் எது, மேடை எது என்ற வேறுபாடு தெரியாது. சிறுமி ஹென்ரியெட்டாவும் எழுத்துக் கூட்டும் வயதிலேயே குழந்தை வேடங்களில் தோன்றினாள். தந்தையை இளமையிலேயே இழந்தாள். தாய் பிள்ளைகளுடன் பிராகா நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கிருந்த இசைக் கல்லூரியில் சேர உரிய வயது அவளுக்கு நிரம்பவில்லை. ஆயினும் திறமையைக் கண்டு விதியைத் தளர்த்திச் சேர்த்துக்கொண்டார்கள். குரற்பயிற்சியோடு பியானோவும் இசையிலக்கணமும் முறையாகக் கற்றாள். பிற்காலத்தில் எவ்வளவு கடினமான இசை ஏட்டையும் பார்த்த மாத்திரத்தில் பாட முடிந்ததென்றால், அந்த ஆற்றல் வானத்திலிருந்து விழுந்ததன்று, பிராகாவில் சம்பாதித்தது.

1821-இல் வாய்ப்பு வந்தது. பாட வேண்டிய பாடகி நோயுற்றாள். பதினைந்து வயதுச் சோன்டாக் அவ்விடத்தில் ஏறி, புவால்டியே இயற்றிய 'பாரிசு நகர் யோவான்' என்ற இசைநாடகத்தில் இளவரசியாகப் பாடினாள். மறு ஆண்டு வியன்னா அவளை அழைத்துக்கொண்டது.

ஆப்பெரா என்னும் மேனாட்டு இசைநாடகம் நம்மவரில் பலருக்குப் பழக்கமில்லாதது. அதில் பேச்சுப் பெரும்பாலும் பாட்டாகவே இருக்கும். ஒலிபெருக்கி கிடையாது. கீழே இருக்கும் வாத்தியக் குழுவின் ஒலியைத் தாண்டி, கடைசி வரிசையில் நிற்பவன் காது வரை குரல் சென்றாக வேண்டும். குரல் பெரியதாக இருந்தால் நெளிவு சுளிவு வராது. நெளிந்தோடும் குரலாக இருந்தால் பெரும்பாலும் வலிவு இராது. சோன்டாக்கின் குரல் இரண்டாம் வகை. அளவில் சிறியது, ஆனால் பளிங்கு போல் தெளிந்தது. வேகமான சுரக் கோவைகளில் ஒரு சுரமும் மற்றொன்றின் மேல் வழியாது. மெல்லிய ஒலியில் பாடும்போதுதான் அதன் முழு அழகும் விளங்கியது. அரங்கம் மூச்சடக்கிக் கேட்டது. இவற்றையெல்லாம் கேட்டவர்கள் எழுதிவைத்த சொற்களிலிருந்தே அறிகிறோம். எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைச் செய்தது 1877-இல்; அதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே சோன்டாக் மறைந்துவிட்டார். ஒலியியலில் ஒரு பாடம் படித்த எனக்கு இது பெருங்குறைதான். அலைவரிசை எண்கள் இல்லாமல், கேட்டவர்களின் வியப்பை மட்டும் வைத்து ஒரு குரலை ஊகிக்க வேண்டியிருக்கிறது.

வியன்னாவில் அவரைக் கேட்டவர்களுள் கார்ல் மரியா வான் வெபரும் ஒருவர். ஜெர்மன் இசைநாடகத்துக்குப் புதுவழி காட்டியவர் அவர். 'ஓய்ரியாந்தே' என்ற தம் புதிய படைப்பின் தலைமைப் பாத்திரத்தைப் பதினேழு வயதுப் பெண்ணிடம் துணிந்து ஒப்படைத்தார். 1823 அக்டோபர் 25-ஆம் நாள் அது அரங்கேறியது. கதையமைப்பு குழப்பமானது, நாடகம் நிலைத்து ஓடவில்லை. பாடகி நிலைத்துவிட்டார்.

அடுத்த ஆண்டுதான் பீத்தோவன். ஒன்பதாம் சிம்பொனியும் பெருவழிபாட்டு இசையின் சில பகுதிகளும் ஒரே மாலையில். இரண்டிலும் உச்சக்குரல் பகுதி மனிதக் குரலின் எல்லையை உரசிக்கொண்டு போகிறது. சோன்டாக்கும் உங்கரும் மேல் சுரங்களைச் சற்றுக் குறைத்துத் தருமாறு வேண்டினார்கள், கெஞ்சினார்கள், வாதிட்டார்கள். பீத்தோவன் ஒரு சுரத்தையும் மாற்ற மறுத்துவிட்டார். காது கேளாதவரிடம் வாதிடுவதும் எளிதன்று. அவரிடம் சொல்ல வேண்டியதைக் குறிப்பேட்டில் எழுதிக் காட்ட வேண்டும். அந்தக் குறிப்பேடுகள் பல இன்றும் இருக்கின்றன. கூட்டுக் குழுவில் பாடிய பெண்களில் சிலர், எட்டாத சுரம் வந்தபோது சும்மா இருந்துவிட்டார்கள் என்று பீத்தோவனின் உதவியாளர் ஷிண்ட்லர் பதிந்துள்ளார். இசையமைத்தவருக்குத்தான் கேட்காதே! தனிக்குரலாக நின்ற சோன்டாக்குக்கு அப்படி ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒத்திகைக்குக் கிடைத்த நாட்களோ மிகச் சில. அவர் பாடி முடித்தார். அன்றைய வெற்றியில் பாதியை அந்தப் பதினெட்டு வயதின் அஞ்சாமைக்குக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

அந்த இசைவிழாவால் பீத்தோவனுக்குச் செலவு போக மிஞ்சியது மிகச் சிறு தொகையே. மே 23-ஆம் நாள் மீண்டும் நடந்தபோது அரங்கம் பாதிக்கு மேல் காலி. வியன்னா அப்போது இத்தாலிய ரோசினியின் பாட்டில் மயங்கிக் கிடந்தது. சோன்டாக்கும் தம் வாழ்நாளில் பீத்தோவனைவிட ரோசினியைப் பாடித்தான் புகழ் பெற்றார். இதற்காக அவரைக் குறை கூறுவோர் உண்டு. வயிற்றுக்கும் குடும்பத்துக்கும் பாடும் பெண் கேட்பவர் விரும்புவதைப் பாடாமல் வேறென்ன செய்வாள்?

1825 ஆகஸ்டு 3-ஆம் நாள் பெர்லினில், புதிதாகத் திறந்திருந்த கேனிக்ஸ்டாட் அரங்கில், ரோசினியின் 'அல்சியர்சில் இத்தாலியப் பெண்' நாடகத்தில் பாடினார். பெர்லின் பித்துப் பிடித்தது. மிகையாகச் சொல்லவில்லை, 'சோன்டாக் காய்ச்சல்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. அறிஞர், படைத்தலைவர், அமைச்சர், மாணவர் எல்லோருக்கும் அந்தக் காய்ச்சல் கண்டது. லுத்விக் ரெல்ஸ்டாப் என்ற இளம் திறனாய்வாளர் இந்தக் கூத்தைக் கண்டு எரிச்சலுற்று, 1826-இல் பெயரை மறைத்து ஒரு நையாண்டிக் கதை எழுதினார். பெரிய மனிதர்கள் சிலர் தங்களை அதில் கண்டுகொண்டார்கள். விளைவு: எழுதியவருக்குச் சிறை. பின்னாளில் பீத்தோவனின் பியானோப் படைப்பு ஒன்றுக்கு 'நிலவொளி' என்ற பெயர் வழங்குவதற்குக் காரணமானவரும் இதே ரெல்ஸ்டாப்தான். ஒரு பாடகியைப் பற்றிக் கேலி எழுதியதற்காகச் சிறை சென்றவர் என்ற பெருமையையும் சேர்த்துக்கொள்ளலாம்!

1826-இல் பாரிசு. ரோசினியின் 'செவில் நகர நாவிதன்' நாடகத்தில் ரொசீனாவாகத் தோன்றினார். அந்நாடகத்தில் பெண்ணுக்குப் பாட்டு வாத்தியார் பாடம் நடத்தும் காட்சி ஒன்று வரும். அவ்விடத்தில் பாடகியர் தத்தமக்குப் பிடித்ததைப் பாடுவது வழக்கம். சோன்டாக் பிடில் வாத்தியத்துக்கென ரோட் இயற்றிய சுர விரிவுகளைத் தொண்டையாலேயே பாடினார். வில் செய்யும் வேலையை மூச்சு செய்தது. ஜெர்மன்காரி இத்தாலியப் பாட்டைப் பாடவாவது என்று உதட்டைப் பிதுக்கியிருந்த பாரிசு அத்தோடு பணிந்தது. அதே ஆண்டு வைமார் நகரில் முதுபெரும் புலவர் கதே அவர் பாட்டைக் கேட்டு மகிழ்ந்தார். 1828-இல் இலண்டன்.

பாரிசில் மரியா மாலிப்ரான் என்ற மற்றொரு பாடகி இருந்தார். வயதில் இரண்டு ஆண்டு இளையவர், குரலில் தீ இருந்தது, நடிப்பில் எரிமலை. இரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்தார்கள். இத்தகைய கட்சி கட்டுதல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்று தெரிந்து ஆறுதல் கொள்ளலாம். கடைசியில் இருவரும் ஒன்றாக நின்று ரோசினியின் 'செமிராமிதே' இருகுரற் பாடலைப் பாடினார்கள். இருவர் பகையும் பாட்டில் கரைந்தது.

சோன்டாக்கின் கலையில் குறையே இல்லையா? உண்டு. உள்ளத்தை உலுக்கும் பெருந்துயரப் பாத்திரங்கள் அவருக்கு முழுமையாகக் கைவரவில்லை என்று அக்காலத்தவர் கருதினர். மூத்த பாடகி காத்தலானி, சோன்டாக் தம் வகையில் முதல்வர் என்றும், ஆனால் அந்த வகையே கலையில் முதல் வகை அன்று என்றும் சொன்னதாக ஒரு செய்தி வழங்குகிறது. கூர்மையான தீர்ப்பு. அதில் சிறிது பொறாமையும் இருக்கலாம். சிறிது உண்மையும் இருக்கலாம்.

இவ்வளவு புகழுக்கும் நடுவே, அவர் வாழ்வின் முடிச்சு விழுந்தது. கார்லோ ரோசி என்ற இத்தாலியப் பிரபு, சார்டீனிய அரசின் தூதரகத்தில் பணிபுரிந்தவர். இருவரும் காதல் கொண்டனர். பிரபு பாடகியை இரசிக்கலாம், பூச்செண்டு அனுப்பலாம், வண்டியில் வழியனுப்பலாம். மணந்துகொள்ளக் கூடாது! அதுவே அன்றைய ஐரோப்பாவின் நாகரிகம். ஆகவே திருமணம் மறைவாக நடந்தது. மறைத்துவைத்த திருமணம் ஒரு பெண்ணுக்கு எத்தனை வதந்திகளைக் கொண்டுவரும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரசிய மன்னர் மூன்றாம் பிரடெரிக் வில்லியம் உதவிக்கு வந்தார். நடிகரின் மகளுக்கு 'வான் லாவன்ஸ்டைன்' என்ற பிரபுப் பட்டத்தை அளித்தார். காகிதத்தில் எழுதிய ஒரு பட்டம் ஒரே நாளில் இரத்தத்தின் தரத்தை உயர்த்திவிட்டது! சார்டீனிய அரசும் இணங்கியது. ஆனால் ஒரு நிபந்தனை: தூதரின் மனைவி பொது மேடையில் பாடக் கூடாது.

1830 மே திங்களில் பெர்லினில் 'செமிராமிதே' நாடகத்தோடு மேடைக்கு விடை கொடுத்தார். பிறகு போலந்து, உருசியா நாடுகளில் இசை நிகழ்ச்சிகள். வார்சாவில் இருபது வயது இளைஞன் ஒருவன் அவர் பாட்டைக் கேட்டு மெய்மறந்து நண்பனுக்குக் கடிதம் எழுதினான். குரல் பெரியதில்லை, ஆனால் மெல்லத் தேய்ந்து மறையும் அந்த நயத்துக்கு ஈடில்லை என்பது அவன் கருத்து. அவ்விளைஞன் பெயர் பிரடெரிக் ஷோப்பன். பியானோவைப் பாட வைத்தவன் என்று உலகம் பின்னர் அவனைப் புகழ்ந்ததை எண்ணும்போது, அந்தக் கடிதம் எனக்கு வேறொரு பொருளும் தருகிறது.

அத்தோடு மௌனம். பாடகி சோன்டாக் மறைந்தார். ரோசிப் பிரபுவின் சீமாட்டி தோன்றினார். வயது இருபத்து நான்கு. குரல் முழு மலர்ச்சியில் இருக்கும் பருவம்.

பத்தொன்பது ஆண்டுகள்! ஹேக், பிராங்பர்ட், பீட்டர்ஸ்பர்க், பெர்லின் என்று கணவரின் பதவியோடு ஊர் மாறினார். பிள்ளைகள் பிறந்தார்கள். அரண்மனைக் கூடங்களிலும் அறப்பணி நிகழ்ச்சிகளிலும் பாடினார். கட்டணம் வாங்கிப் பாடவில்லை. பணம் வாங்காமல் பாடினால் அது பண்பாடு, வாங்கினால் இழிவு. கூலியை எடுத்துவிட்டால் தொழில் தூய்மையடைந்துவிடுகிறது என்ற இந்தக் கணக்கு எனக்கு விளங்கவே இல்லை. ஆனால் இந்த ஆண்டுகளில் அவர் பயிற்சியை ஒரு நாளும் கைவிடவில்லை என்றே கொள்ள வேண்டும். பின்னால் நடந்தது அதற்குச் சான்று.

இதற்கிடையில் ஒரு விந்தை. 1836-இல் பாரிசில் ஓபேர் என்பவர் 'தூதுவரின் துணைவி' என்ற இசைநாடகத்தை அரங்கேற்றினார். புகழ்பெற்ற பாடகி ஒருத்தி, தூதுவராகும் பிரபுவுக்காக மேடையைத் துறக்கிறாள். பிறகு பிரபு வாழ்க்கை கசந்து மீண்டும் மேடைக்கே திரும்புகிறாள். கதைத் தலைவியின் பெயர் ஹென்ரியெட்டா! யாரை நினைத்து எழுதினார்கள் என்று பாரிசுக்குத் தெரியாதா? ஆனால் முடிவு மட்டும் அப்போது வெறும் கற்பனை.

1848-ஆம் ஆண்டு ஐரோப்பா முழுவதும் புரட்சி வெடித்தது. சிம்மாசனங்கள் ஆடின. சார்டீனியா ஆஸ்திரியாவோடு போரில் இறங்கி, 1849 மார்ச்சில் நொவாராவில் தோற்றது. இந்தப் புயலில் ரோசிக் குடும்பத்தின் செல்வம் அழிந்தது. வளரும் பிள்ளைகள்; வருவாய் இல்லை. அந்த வீட்டில் சந்தையில் விலைபோகக்கூடிய பொருள் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. அது பத்தொன்பது ஆண்டுகளாக விற்கக் கூடாது என்று தடைசெய்யப்பட்ட குரல்.

இலண்டனில் பெஞ்சமின் லம்லி என்ற அரங்க நிருவாகி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அவருடைய அரங்கைத் தாங்கி நின்ற சுவீடன் நாட்டுக் குயில் ஜென்னி லிண்ட், 1849 மே திங்களில் இசைநாடக மேடையை விட்டு விலகிவிட்டார். லம்லி சோன்டாக்கை அழைத்தார். ரோசி தம் பதவியைத் துறந்தார். மனைவி பாடுவதற்காகக் கணவன் பதவி விலகுவது அக்காலத்தில் எளிய செயலன்று. பிரபுவைப் பற்றி நல்லதாகவும் ஒரு சொல் சொல்ல வேண்டுமென்றால் இவ்விடத்தில் சொல்லலாம்.

1849 சூலை 7. வயது நாற்பத்து மூன்று. தோனிசெட்டியின் 'சமூனி ஊர் லிண்டா'. ஆல்ப்ஸ் மலைக்கிராமத்து ஏழைப்பெண்ணின் கதை அது; அவள் காதலிப்பவன் தன்னை மறைத்துக்கொண்டு பழகும் ஒரு பிரபு. சமூனி இருக்கும் சவாய் நாடு அப்போது சார்டீனிய அரசுக்கு உட்பட்டது. சார்டீனியத் தூதரின் மனைவியாக இருந்தவர், அதே நாட்டுக் குடியானவப் பெண்ணின் பாவாடை கட்டிக்கொண்டு மேடை ஏறினார்! திரை விலகுமுன் அரங்கில் இருந்தவர்களில் பலர், பழைய புகழின் சாம்பலைக் காண வந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். இரக்கமும் வேடிக்கையும் கலந்த கூட்டம் அது. பாடத் தொடங்கினார். மேல் சுரங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. மென்குரலின் அந்த மாயம் அப்படியே இருந்தது. இளமையில் இல்லையென்று சொல்லப்பட்ட ஆழம் இப்போது வந்திருந்ததாகவும் சிலர் எழுதினார்கள். இலண்டன் தலைவணங்கியது.

உடற்கூற்றியல் படித்தவர்களுக்கு இதன் அருமை புரியும். குரல்நாண்கள் தசையும் மென்திசுவும் கொண்டவை. ஓட்டப்பந்தய வீரனின் காலைப் போல அவற்றுக்கும் வயதாகும். பத்தொன்பது ஆண்டு மேடைப் பழக்கமில்லாமல் இருந்து, நாற்பத்து மூன்றில் திரும்பி, முன்னிருந்த இடத்தையே பிடித்தவர்கள் இசை வரலாற்றில் மிகச் சிலர். முதல் புகழுக்கு இளமையும் அழகும் துணை நின்றன என்று வாதிடலாம். இரண்டாம் புகழுக்கு உழைப்பைத் தவிர வேறு துணை இல்லை. இரண்டில் எது பெரிது என்று கேட்டால் நான் இரண்டாவதையே சொல்வேன். பிரெஞ்சு எழுத்தாளர் தியோபில் கோத்தியே 1850-இல் அவர் வாழ்க்கையை நூலாக எழுதினார். அவ்வாண்டே ஷேக்ஸ்பியரின் 'புயல்' நாடகத்தைத் தழுவி அலேவி இயற்றிய புதிய படைப்பில் மிராண்டாவாகப் பாடினார். நாற்பத்து நான்கு வயது மிராண்டா! எவரும் சிரிக்கவில்லை.

1852-இல் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கா சென்றார். அங்கு நியூயார்க் முதலிய நகரங்கள் அவரை வரவேற்றன. பிள்ளைகளுக்குப் போதிய செல்வம் சேர்த்துவிட்டு ஓய்வு பெறலாம் என்பது அவர் கணக்கு. 1854-இல் மெக்சிகோ நகருக்கு ஒப்பந்தம் வந்தது. சென்றார். அங்கே காலரா பரவியிருந்தது. குழுவினர் சிலரும் அந்நோய்க்கு இரையாயினர். சூன் 11-ஆம் நாள் 'லுக்ரேசியா போர்சியா'வாகப் பாடினார். சூன் 17-ஆம் நாள் உயிர் பிரிந்தது. வயது நாற்பத்து எட்டு.

இவ்விடத்தில் அறிவியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே 1854-இல்தான் புளோரன்சில் பச்சீனி காலராக் கிருமியை நுண்ணோக்கியில் கண்டு எழுதினார், எவரும் பொருட்படுத்தவில்லை. அவர் இறந்து மூன்று மாதம் ஆகுமுன் இலண்டனில் மருத்துவர் ஜான் ஸ்னோ, ஒரு தெருக்குழாயின் நீரே நோயைப் பரப்புகிறது என்று காட்டி, அதன் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். 1884-இல் நம் கல்கத்தாவில் இருந்து ஆய்ந்த ராபர்ட் கோக் அக்கிருமியைத் தனித்து வளர்த்து ஐயமற நிறுவினார். கோக்கும் ஜெர்மானியரே. உப்பும் சர்க்கரையும் உரிய அளவில் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தே பெரும்பாலான உயிர்களைக் காக்கலாம் என்பதை, 1971-இல் வங்காளத்துப் பொங்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலநாபிஸ் நடைமுறையில் காட்டினார். பீத்தோவனின் சுரத்தைத் தாங்கிய குரல், இன்று எந்த மருந்துக் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு பொட்டலம் இல்லாமல் அணைந்துபோயிற்று.

கணவர் அவருடைய உடலை மெக்சிகோ மண்ணில் விட்டுவிட மனமில்லாமல் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், சாக்சனியில், நைசே ஆற்றங்கரையில் சாங்க்ட் மரியன்தால் என்ற பழைய கன்னியர் மடம் இருக்கிறது. சோன்டாக்கின் தங்கை நீனாவும் ஒரு காலத்தில் பாடகியாக இருந்து, பின்னர் மேடையைத் துறந்து துறவு பூண்டவர். மரியன்தால் மடத்து இடுகாட்டில்தான் ஹென்ரியெட்டா சோன்டாக்கை அடக்கம் செய்தார்கள்.